கேட்காமல் நடந்த பாதை

ஷீப்வாஷ் சாலை ஏன் இவ்வளவு கோணல் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். முப்பத்தோரு வருஷம் அதன் பள்ளங்களை மூடி, ஓரத்துக் கால்வாய்களைத் தூர்வாரி, வேலிச்செடிகளை வெட்டிவிட்டவன் நான். பெயர் வில்ஃப் கூடிங். கவுன்ட்டி என்ற மாவட்ட நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கிய சாலைக்காரன். நேரான சாலைதான் வேண்டுமென்றால் ரோமானியர் போட்டது நாலு மைல் தள்ளி இருக்கிறது, அதில் போய்க்கொள்ளலாம். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

எங்கள் சாலை நெதர்லீ தேவாலயத்து வாசலில் தொடங்கி, பழைய கொல்லன் பட்டறையைச் சுற்றி, மேடு ஏறி, ஓடைக்கு இறங்கி, ஓடையைத் தாண்டி, ட்ரெட்கோல்ட் பண்ணை வழியாக ஓவர்லீ என்ற பக்கத்து ஊருக்குப் போகிறது. மொத்தம் ஒன்றரை மைல். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஆட்டு வியாபாரிகள் பெரிய சாலையின் சுங்கச்சாவடிக்குப் பணம் கட்ட மனமில்லாமல் மந்தைகளை இந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். சந்தைக்குப் போகும் முன் ஓடையில் ஆடுகளைக் குளிப்பாட்டினார்கள். ஷீப்வாஷ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நடுவில் இரண்டு வளைவுகள் வருவதற்குக் காரணம் அந்தப் பண்ணைக் குடும்பத்து ட்ரெட்கோல்ட் ஒருவர் தன் பேரிக்காய்த் தோட்டத்தில் ஒரு மரத்தைக் கூட வெட்ட விடமாட்டேன் என்று படுத்துக்கொண்டதுதான். தார் மேட்டுமேல் இருக்கும் ஜெப வீட்டோடு நின்றுபோனதற்குக் காரணம், 1931-இல் அந்த இடத்துக்கு வந்தபோது தார் தீர்ந்துவிட்டது. மேஸ்திரி சாப்பிடப் போனார். அடுத்த வருஷத் தார் வேறு ஊருக்குப் போயிற்று.

இப்படி வாழ்ந்த சாலையை 1984 வசந்தகாலத்தில் ஒரு பூட்டு நிறுத்தியது.

ஆமோஸ் ட்ரெட்கோல்ட் முதுகுவலி தாங்காமல் பண்ணையை விற்றுவிட்டு நெதர்லீயில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்திருந்தார். வாங்கியவர் லண்டனிலிருந்து வந்த மிஸ்டர் லாக்யர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாரைப் பார்த்தாலும் தொப்பியைத் தூக்குவார். ஆனால் ஓடைக்கரையில் இரும்புக் கதவு போட்டு, இரண்டு பக்கமும் கம்பிவேலி கட்டி, ‘தனியார் நிலம், மன்னிக்கவும்’ என்று பலகை மாட்டினார். மன்னிக்கவும் என்று போட்டுவிட்டால் எதையும் பூட்டலாம் என்பது அவருடைய எண்ணம்.

இதில் நிஜமாக அடிபட்டவர் ஒருத்தர்தான். ஹெஸ்டர் பென்ஃபோல்ட். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. ஓவர்லீ பக்கம் தன் அப்பா விட்டுப்போன சின்ன வீட்டில் தனியாக இருப்பவர். இருபத்தாறு வருஷமாகக் காலை ஏழரைக்குப் பண்ணையைக் கடந்து, அரைமணி நேரத்தில் பள்ளிக்கூட அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். பூட்டு விழுந்த பிறகு இரண்டு பஸ் மாறி ஒன்பது மைல் சுற்றி வந்தார். அந்த பஸ்ஸையும் செப்டம்பரோடு நிறுத்தப் போவதாக அறிவித்துவிட்டார்கள். கார் ஓட்டும் பரீட்சையில் ஆறு தடவை தோற்றவர். பாதை திறக்காவிட்டால் வேலையை விட வேண்டும், இல்லை வீட்டை விற்க வேண்டும்.

“வில்ஃப், வேலைய விட்டா எத வச்சு சாப்பிடறது? வீட்ட வித்தா எங்க போய் படுக்கறது? நீங்களே சொல்லுங்க,” என்றார் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில். அழவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார்.

எங்கள் அலுவலகத்துப் பாதை வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கேதான் வந்தது வினை. முப்பது வருஷத்துக்கு முன் அரசாங்கம் ஊருக்கு ஊர் பொதுப் பாதைகளைக் குறித்து அனுப்பச் சொன்னபோது, நெதர்லீக்காரர்கள் ஓடைவரை கோடு போட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் ஓவர்லீக்காரர்கள் போடுவார்கள், நாம் முந்திக்கொண்டால் நன்றாக இருக்காது என்று. ஓவர்லீக்காரர்களோ பண்ணை வாசல்வரை போட்டு, மீதியை நெதர்லீ போடட்டும், நாம் போட்டால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்கள். நடுவில் கால் மைல் அந்தரத்தில் தொங்கியது. கோடு இல்லாத இடத்தில் ஒரு மண்வெட்டி மண் போட்டாலும் எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்பார்கள் என்பதால், நானும் அந்தக் கால் மைலுக்குப் போனதே கிடையாது.

ஊர் மன்றத்துச் செயலாளர் மேபல் ஸ்னூக் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தார். இருபது வருஷம் ஊர்ச்சனங்கள் ஒரு வழியில் நடந்திருந்தால் அது பொதுவழி. மூன்றே நிபந்தனை.

“ஒளியாம நடக்கணும், உடைக்காம நடக்கணும், யாரையும் கேக்காம நடக்கணும்,” என்று விரல்விட்டு எண்ணினார் மேபல். “முக்கியமா அந்த மூணாவது. அனுமதி கேட்டுட்டு நடந்தோம்னா அது நிலத்துக்காரர் காட்டின தயவு. நம்ம உரிமை இல்ல. எல்லாரும் மண்டையில ஏத்திக்குங்க.”

“கேட்டதே இல்லையே மேபல், கேக்கணும்னு தோணினதே இல்ல,” என்றார் தபால்காரர் ஜெத்ரோ. முப்பத்திநாலு பேர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஜூன் மாதம் ஊர்க்கூடத்தில் விசாரணை. அதிகாரியாக வந்தவர் நரைத்த தலையும் சேறு படிந்த பூட்ஸுமாக இருந்த ஒரு பெண்மணி. காலையிலேயே தனியாகப் பாதையை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. லாக்யர் முன்வரிசையில் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். வரும்போது எல்லோருக்கும் ஒரு பெரிய டப்பா பிஸ்கட் வேறு வாங்கி வந்திருந்தார். எங்கள் ஜனம் ஆளுக்கு இரண்டு எடுத்துத் தின்றுவிட்டது. அங்கேயே பாதி தோற்றோம்.

முதலில் மேபல். வக்கீல் தேனாகப் பேசினார். “மிஸஸ் ஸ்னூக், அடுத்தவர் நிலத்துல, அவர் கண்ணு முன்னாடி, ஒரு வார்த்தை கேக்காம நீங்க பாட்டுக்கு நடந்து போனீங்கன்னா சொல்றீங்க?”

மேபலின் முகம் காது நுனிவரை சிவந்தது. லாக்யரைப் பார்த்தார். கையிலிருந்த பாதி பிஸ்கட்டைப் பார்த்தார். “சேச்சே, அப்படியெல்லாம் இல்லைங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுத்தான் போவோம். நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல,” என்றார்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். சட்டத்தைப் படித்தவரே இப்படி! அடுத்து ஜெத்ரோ: “மிஸ்டர் ட்ரெட்கோல்ட் தங்கமான மனுஷன். கேட்டா எப்பவும் சரின்னுதான் சொல்வார்.” ஜெத்ரோ அவரிடம் எதையும் கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும். பாடகர் குழுத் தலைவர், ரொட்டிக்கடைக்காரர் மனைவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று வரிசையாக ஆறு பேர். நடக்காத ஒரு மரியாதையை நடந்ததாகச் சத்தியம் பண்ணினார்கள். முரடன் என்று பெயர் வாங்குவதைவிடப் பாதையைப் பறிகொடுப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. வக்கீலுக்கு வேலையே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கடைசியாக ஹெஸ்டர் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. எங்கள் ஊரிலேயே வாய் திறந்தால் நன்றி, மன்னிக்கவும் தவிர வேறு வராதவர். போச்சு என்று எனக்குத் தோன்றியது.

“மிஸ் பென்ஃபோல்ட், மிஸ்டர் ட்ரெட்கோல்ட்கிட்ட அனுமதி கேட்டீங்க இல்லையா?”

“இல்ல.”

“ஒரு தடவை கூட?”

“ஒரு தடவை கூட இல்ல.”

“ஒருவேளை அவர் உங்கள பார்த்திருக்க மாட்டார்.”

“தினமும் பார்த்தார். பண்ணைக் கதவு பக்கத்துலதான் நிப்பார்.”

“அப்ப தினமும் குட்மார்னிங் சொல்லியிருப்பீங்க. அதுவே கேட்ட மாதிரிதானே?”

ஹெஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். “குட்மார்னிங் சொன்னதில்லைங்க. இருபத்தாறு வருஷமா சொன்னதில்ல.”

கூடத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டது கேட்டது. அத்துமீறி நடப்பது எங்களுக்கு ஒரு குற்றம். பக்கத்து மனிதருக்கு குட்மார்னிங் சொல்லாமல் போவது அதைவிடப் பெரிய குற்றம்.

“நம்பும்படியா இல்லையே,” என்றார் வக்கீல். “காரணம் வேணுமே.”

ஹெஸ்டர் கைப்பைக் கொக்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். “காரணம் இருக்குங்க. நான் அந்த வழியா நடக்க ஆரம்பிச்ச முதல் மாசம், மிஸ்டர் ட்ரெட்கோல்ட் கதவுமேல கைய வச்சுக்கிட்டு சொன்னார், ‘நீ நல்லா சமைப்பேன்னு சொல்றாங்க, என் வீட்டு அடுப்பு சும்மாத்தான் கெடக்கு, கல்யாணம் பண்ணிக்கலாமா’ன்னு. அடுப்புக்கு ஆள் தேடற மாதிரி. எனக்கு ரொம்ப அவமானமா போச்சு. பதில் சொல்லாம நடந்து போயிட்டேன். அதுக்கப்புறம் பேசல. மரியாதையில்லாம நடந்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா உண்மை அதுதான். நான் யாரையும் கேக்கல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எழுந்துபோய்த் தோளோடு அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. எங்கள் ஊரில் அதெல்லாம் வழக்கமில்லை.

வக்கீல் அசரவில்லை. அவர்கள் தரப்புச் சாட்சியாக ஆமோஸ் ட்ரெட்கோல்டையே கூப்பிட்டார். பின்வரிசையிலிருந்து ஆமோஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை.

“மிஸ்டர் ட்ரெட்கோல்ட், மாடு வெளிய போகாம இருக்க அங்க ஒரு மரக்கதவு இருந்தது. காலைல மிஸ் பென்ஃபோல்ட் வரும்போது அத யார் திறப்பாங்க?”

“நான்தான்.”

“தினமுமா?”

“பனி கொட்டினாலும்.”

“ஆக, கதவத் திறந்து போகச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கீங்க.” வக்கீல் அதிகாரியின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

ஆமோஸ் வெகுநேரம் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆம் என்று ஒரு சொல் சொன்னால் ஹெஸ்டரின் வீடு போயிற்று. அடுப்பு விஷயத்தை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்ட பெண்மேல் கோபம் இருக்கத்தான் செய்யும். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

“நான் என்னத்த கொடுக்கறது?” என்றார் கடைசியில். “நான் திறக்காட்டி அவளே திறந்துக்கிட்டுப் போயிருப்பா. எங்க அப்பா காலத்துலயும் ஜனங்க அப்படித்தான் போனாங்க, தாத்தா காலத்துலயும் அப்படித்தான். அந்த வழி எங்களோடதுன்னு நாங்க யாரும் நினைச்சதே இல்ல. வழி அவளோடது.”

“அப்ப எதுக்குத் திறந்தீங்க?”

“ஒரு நாளாவது திரும்பிப் பார்ப்பாளான்னுதான். அது என் ஆசை. அதுக்கு அனுமதின்னு பேர் வைக்காதீங்க, தம்பி.”

ஹெஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மேபல் எழுந்து நின்றார். “மேடம், நான் பொய் சொன்னேன். நான் கேட்டதே இல்ல. ஒரு நாளும் இல்ல. மிஸ்டர் லாக்யர், மன்னிச்சுக்குங்க, பிஸ்கட் நல்லா இருந்தது.” அவரைத் தொடர்ந்து ஜெத்ரோ: “நானும் கேக்கல. சைக்கிள்ல போனப்போ மணி கூட அடிக்கல.” ஆறு பேரும் மறுபடி எழுந்தார்கள். அழைக்கப்படாதவர்களும் எழுந்தார்கள். என் ஊர்க்காரர்கள் தங்கள் மரியாதைக்குறைவை இவ்வளவு ஆசையாகப் போட்டி போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டதை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. அதிகாரி எழுதி எழுதிக் கையை உதறிக்கொண்டார்.

தீர்ப்பு பதினோரு வாரம் கழித்து, ஆகஸ்டு கடைசியில் தபாலில் வந்தது. கதவைத் திறந்துவிடுவது மரியாதை, அது அனுமதி ஆகாது என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார் அந்தப் பெண்மணி. அந்தக் கால் மைலும் பொதுச்சாலை. லாக்யர் தானே வந்து பூட்டைத் திறந்து எடுத்து, பலகையைக் கழற்றினார். சாயங்காலம் மதுக்கடையில் எனக்கு ஒரு கிளாஸ் பீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். வழக்குதான் முடிந்துவிட்டதே.

மறுநாள் காலை அந்தக் கால் மைலில் முதல் பள்ளத்தை நான் மூடிக்கொண்டிருந்தபோது ஹெஸ்டர் வந்து நின்றார்.

“வில்ஃப், தீர்ப்பு வந்தாச்சு இல்ல? இனி மாத்த மாட்டாங்களே?”

“மாத்த முடியாது.”

“இனிமே நான் யாருக்காவது நன்றி சொன்னா பாதைக்கு ஒண்ணும் ஆகிடாதே?”

“எத்தன வேணா சொல்லுங்க.”

“பதினோரு வாரமா அடக்கி வச்சுட்டிருக்கேன். மண்வெட்டிய வச்சுட்டு என்கூட வாங்க. தனியா போக கூச்சமா இருக்கு.”

போனோம். ஆமோஸ் தன் சின்ன வீட்டு வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார், முதுகு விடவில்லை.

“குட்மார்னிங், ஆமோஸ்,” என்றார் ஹெஸ்டர். “கதவ திறந்துவிட்டதுக்கு நன்றி. எல்லா நாளைக்கும் சேர்த்து.”

ஆமோஸ் காயை மடியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “உள்ள வர்றியான்னு நான் கேக்கப் போறதில்ல, ஹெஸ்டர். போன தடவ கேட்டு இருபத்தாறு வருஷம் போச்சு.”

“கேக்க வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு ஹெஸ்டர் அவரைத் தாண்டி உள்ளே போனார்.