மலைக்கு அங்காலை

தேனுஜா மேசைமேல் விரித்த வரைபடம் சுருண்டு சுருண்டு வந்தது. ஒரு மூலையில் உப்புப் போத்தலை வைத்தாள். இன்னொரு மூலையில் மிக்சர் டப்பா, மூன்றாவதில் தாயின் கண்ணாடிக் கூடு. நாலாவது மூலையைச் செல்வராசா உள்ளங்கையால் அமத்திப் பிடித்திருந்தார். பிடித்திருந்தாரே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. தாளில் கீறியதை நம்புகிற ஆள் அல்ல அவர். காரில் இருந்துகொண்டு பாதை சொல்லும் பெட்டியையும் நம்பமாட்டார். ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகச் சொன்னால் அது ஒருநாள் கால்வாய்க்கு மற்றக் கரையில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதையை அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

"மாமா, இஞ்ச பாருங்கோ. டுசில்டோர்ஃபில பிளேன் ஏறி ஆபிரிக்காவில, மராக்கேஷில இறங்கிறம். அங்க ஒரு கார் வாடகைக்கு எடுக்கிறம். முதல் மலை. இந்த வளைவு வளைவான றோட்டால ஏறி அங்கால இறங்கினா, பள்ளத்தாக்கு, பேரீச்சந்தோட்டம், கடைசியாப் பாலைவனம். ஈஸ்டர் லீவு முடியமுதல் திரும்பிடலாம்."

"ஆற்ற கார்?"

"வாடகைக் கார் மாமா."

"பிறேக் பிடிக்குமெண்டு ஆர் சொன்னது உனக்கு?"

"கார் குடுக்கிறவன் சொல்லுவான்."

"அவன் சொல்லுவான். குடுக்கிறவன் எல்லாத்தையும் சொல்லுவான். வேனிலை ஏத்தினவனும் அப்பிடித்தான் சொன்னவன்."

தேனுஜாவின் விரல் படத்திலேயே நின்றுவிட்டது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் கைகலக்கும்போது குரலை உயர்த்தாமல் காத்திருந்து பழகியவள். இப்போதும் காத்திருந்தாள். அடுக்களையில் தாய் சந்திரகாந்தி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

வேனில் ஏற்றப்பட்டவன் கோபாலன், செல்வராசாவின் தங்கச்சி சந்திரகாந்தியின் புருசன். தேனுஜா கைக்குழந்தையாக இருந்தபோது கொழும்பு லொட்ஜ் ஒன்றில் இருவரையும் விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டவன். மொஸ்கோ வழி என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் ஆபிரிக்காவில் இறக்கிவிட்டான். அங்கிருந்து வேனிலும் லொறியிலுமாக வடக்கே வந்தவன் ஒரு பின்னேரம் செல்வராசாவுக்குப் போன் எடுத்தான். கண் தெரியிற தூரத்துக்கு மணல், அதைக் கடந்து வந்திட்டம் மச்சான் என்றான். இப்ப ஒரு மலை தெரியுது, உச்சி முழுக்க வெள்ளை, எங்கட ஆனையிறவில உப்புக் குவிச்சு வச்ச மாதிரி என்றான். சேட்டோடதான் நிக்கிறன், சரியான குளிர், நாளைக்கு மலையைக் கடத்துவாங்களாம் என்றான். சிரித்தான். காசு விழுந்து முடிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் செல்வராசா பாண் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு குளிர் ஜக்கெற் வாங்கினார். நீல நிறம், உள்ளே பஞ்சு. ஸ்ரேசனுக்குப் போய்க் கூட்டிவரும்போது கையோடு கொடுக்கலாம் என்று கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்தார். அது அங்கேயே தொங்கியது. அதே கூட்டத்தில் வந்து பாரிஸ் சேர்ந்த ஒருவனைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, மலைக்கு இந்தப் பக்கம் வந்த ஆட்களுக்குள் கோபாலன் இல்லை என்று மட்டும் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியாது. சந்திரகாந்தி பிள்ளையோடு வேறொரு பாதையால் வந்து சேர்ந்தபோது, செல்வராசா அந்த ஜக்கெற்றைக் கழற்றி அவளுடைய அலுமாரியில் கொழுவினார். அவன் வந்தால் போடட்டும் என்றார்.

அந்த ஒரு சொல்லைத்தான் அவர் இத்தனை வருடமும் காவல் காத்தார். காரியத்தைச் செய்துவிடுங்கள், அந்த ஆத்மா அலையக்கூடாது என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னபோது, கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினார். பிணத்தைக் கண்டனியோ? காணேல்லை. அப்ப வாயைப் பொத்து. ஐயரையும் விடவில்லை. உலகத்தில் எவன் சொல்லையும் நம்பாத மனிதர், தங்கச்சியின் புருசன் செத்துவிட்டான் என்ற சொல்லை மட்டும் நம்புவாரா? அவர் நம்பாதவரை சந்திரகாந்தியின் நெற்றியில் குங்குமம் இருக்கும், கழுத்தில் தாலிக்கொடி இருக்கும். வாசலில் நிற்கும் நாய்போல அவருடைய அவநம்பிக்கை அதைக் காத்துக்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தேனுஜா படத்தைச் சுருட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். சந்திரகாந்தி தமையனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எதிரில் இருந்தாள். ஏதாவது கேட்பதற்குமுன் புடவை முந்தானையை மடியில் மடித்து நேராக்குவது சின்ன வயதிலிருந்து அவளுடைய பழக்கம். இப்போதும் மடித்தாள்.

"அண்ணை, அந்த இடத்தைத் தெரிஞ்செடுத்தது தேனு இல்லை. நான்தான்."

"எனக்குத் தெரியும்."

"ஓமோ?"

"ஸ்பெயினுக்குப் போறவை, இத்தாலிக்குப் போறவை. மணலைப் பாக்க ஆரும் லீவு போட்டுப் போவினமே? உனக்கு விசர், காந்தி. அங்க என்ன கிடக்கு?"

"ஒண்டும் கிடக்காது. அது எனக்கும் தெரியும். அவர் அங்காலையிருந்து வந்தவர். நாங்கள் இஞ்சாலையிருந்து போறம். அவர் நிண்டு பாத்த இடத்திலை நிண்டு அந்த மலையை ஒருக்காப் பாக்கோணும்."

"பாத்து?"

அவள் தேத்தண்ணியைப் பார்த்தாள். "போன மாசம் சுஜானியின்ர மகளின்ர கலியாணம். வாசலிலை குங்குமத் தட்டோட நிண்ட பிள்ளை என்னைக் கண்டிட்டுத் தட்டை நீட்டினவள், பிறகு இழுத்தவள், பிறகு தாயைத் திரும்பிப் பாத்திட்டு நீட்டினவள். அவளில பிழை இல்லை அண்ணை. அவளுக்கு நான் ஆரெண்டு தெரியேல்லை. எனக்கே தெரியேல்லை."

செல்வராசா கோப்பையைத் தூக்கினார். சூடு பொறுக்காமல் மறுபடி வைத்தார்.

"எனக்கொரு சீலை எடுத்துத் தாங்கோ அண்ணை. பயணத்துக்கு. நீங்கள்தான் எடுக்கோணும்."

அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்கு உடனே விளங்கியது. தாலி கழற்றுகிறவளுக்குப் பிறந்த வீட்டார்தான் கோடிச் சீலை போட வேண்டும். தண்ணீர் படாத புதுச்சீலை, அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து கொடுப்பது. அதைக் கடையில் அவளே வாங்கிக்கொள்ள முடியாது. மகள் வாங்கிக் கொடுக்கவும் முடியாது. பிறந்த வீடு என்று அவளுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது கதிரையில் இருந்த இந்தக் கிழவன் மட்டும்தான்.

"ஏலாது" என்றார். எழுந்தார். சப்பாத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு மாடிப்படியால் இறங்கிப் போனார்.

கீழ்வீட்டில் அவருடைய மனைவி ஜெயமலர் வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"உங்களுக்கு டாக்குத்தரில நம்பிக்கை இல்லை. பாங்கில நம்பிக்கை இல்லை. நான் போடுற உப்பிலயும் நம்பிக்கை இல்லை, திரும்பவும் போடுறியள். கோபாலன் வருவார் எண்டதிலை மட்டும் எப்பிடி நம்பிக்கை வந்தது?"

"நம்பிக்கை எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"பின்னை?"

அவர் யன்னலடியில் போய் நின்றார். எதிர்வீட்டு ஜெர்மன் கிழவி பல்கனித் தொட்டிகளில் மஞ்சள் பூ நட்டுக்கொண்டிருந்தாள். நம்பிக்கை இல்லை என்பது அவருக்கு நெடுநாளாகத் தெரியும். மூன்றாம் மாரி வந்தபோதே தெரியும். செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொல்கிற முதல் ஆளாகத் தான் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்தச் சொல் தன் வாயிலிருந்து விழுந்தால் கோபாலன் அந்தக் கணத்தில்தான் சாவான் என்று தோன்றியிருந்தது. அதற்காக ஒருத்தியின் முழு வாழ்க்கையையும் ஸ்ரேசன் பிளாட்ஃபோமில் நிறுத்தி வைத்தாயிற்று. ரயில் வரவில்லை. அவளை வீட்டுக்குப் போகச் சொல்லவும் ஆளில்லை.

ஜெயமலர் வெந்தயத்தைப் போத்தலில் கொட்டினாள். "இஞ்சருங்கோ. அவள் உங்களிட்டைக் கேட்டது சீலை இல்லை. இனிப் போதும் எண்டு சொல்லச் சொல்லித்தான் கேட்டவள். உங்களுக்கு வாயாலை சொல்ல ஏலாது. அதுதான் சீலையைக் கேட்டவள்."

செவ்வாய்க்கிழமை அவர் தனியே டோட்மூண்டுக்கு ரயிலேறினார். ஸ்ரேசனுக்குக் கிட்ட இருந்த தமிழ்ப் புடவைக் கடையில் சித்திரை வருடப்பிறப்புக் கூட்டம். கல்லாவில் இருந்த லவினியா என்ற பெண் அவரை உட்காரவைத்து, மாம்பழ நிறத்திலும் மயில் நிறத்திலும் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள்.

"என்ன விசேசம் ஐயா? கலியாணமோ, சாமத்தியவீடோ?"

"பயணம்."

"எங்க பயணம்?"

"மலைக்கு அங்கால."

அவள் சிரித்தபடி இன்னொன்றை விரித்தாள். அவர் தலையை ஆட்டினார். மூலைத் தட்டில், பொலித்தீன் உறை கழற்றாமல் கிடந்த வெள்ளையைச் சுட்டினார். லவினியாவின் கை மயில் நிறச் சீலைமேல் அப்படியே நின்றது. பிறகு விரித்ததையெல்லாம் சத்தமில்லாமல் மடிக்கத் தொடங்கினாள். கரை வைத்ததோ, கரையில்லாததோ என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவர் ஆயத்தமாக வரவில்லை. கூட்டத்துக்குள் ஒரு குழந்தை அழுதது. யாரோ கண்ணாடிக்கு முன்னால் சீலையைத் தோளில் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மெல்லிசா ஒரு கரை இருக்கட்டும்" என்றார். "தூரத்திலை நிண்டு பாத்தாத் தெரியாத மாதிரி."

பயணத்துக்கு முதல்நாள் காலையில் மேலே ஏறிப் போனார். படுக்கையறைக் கட்டிலில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. தேனுஜா பாஸ்போட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள். செல்வராசா சீலை உறையை நீட்டினார். சந்திரகாந்தி இரண்டு கையாலும் வாங்கினாள். திறந்து பார்க்கவில்லை. தடவிப் பார்த்தாள், துணியின் நிறத்தை விரலால் அறிகிறவள்போல. சூட்கேசின் அடியில் மட்டமாக வைத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, அந்த நீல ஜக்கெற்றை எடுத்துவந்தாள். கழுத்துப் பட்டியில் கடை விலைத்துண்டு அப்படியே தொங்கியது.

"உது என்னத்துக்கு?" என்றார்.

"மலையில இன்னும் பனி இருக்காம் அண்ணை. குளிர்."

"எங்க வைக்கப் போறாய்?"

"தெரியேல்லை. கொண்டுபோய்ப் பாப்பம்."

அவள் ஜக்கெற்றைக் கைகள் உள்ளே வரும்படி மடித்து, சீலைக்குமேல் வைத்தாள். மூடியைச் சாய்த்தாள். மூடவில்லை. பஞ்சு பொங்கிக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் அமத்தினாள். ஒருபக்கம் அமத்த மறுபக்கம் எழும்பியது.

"விடு" என்றார் செல்வராசா. "பிள்ளை, அந்த வாடகைக் காரில பின்னுக்கு ரெண்டு பேர் இருக்கலாமோ?"

தேனுஜா திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேர்தானே மாமா போறம்."

"நாலு பேர் எண்டு எழுது. மாமியும் வாறா, பிளேனுக்கும் இப்பவே இன்னும் ரெண்டு டிக்கெற் எடு. பிறேக்கை நான் ஒருக்கா மிதிச்சுப் பாத்த பிறகுதான் எடுக்கிறது."

அவர் கட்டிலில் ஏறி, முழங்காலைச் சூட்கேசின் ஒரு மூலையில் ஊன்றினார். மற்ற மூலையில் தங்கச்சி ஊன்றினாள். எழுபது கடந்த உடம்பின் பாரம் முழுவதையும் அவர் இறக்கினார். உள்ளே ஜக்கெற் மெல்ல மூச்சுவிட்டு இறங்கியது. ஜிப் பாதிவரை ஓடி வந்து, ஒரு வளைவில் நின்றது. யாரும் அதை இழுக்கவில்லை. அந்தச் சின்னத் திறப்பில் நீலத்துக்குக் கீழே வெள்ளை தெரிந்தது, உப்பைப்போல.