தேக்சாவுக்குக் கொஞ்சம் காற்று

என் வீட்டுக்காரர் தப்ரேஸுக்கு மூளை நிறைய உண்டு. வெளியே கிளம்பும்போது அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். இல்லாவிட்டால் மறுநாள் கல்யாண வலிமா விருந்துக்கு இருநூறு பேருக்குப் பிரியாணி ஆக்க வேண்டிய செம்புத் தேக்சாவைக் கொண்டுபோய்க் கிணற்றில் மிதக்க விடுவாரா?

அடிக்கரி ஊறட்டும் என்று கொடைரோடு போகிற வழியில், கூட்டாளி தோட்டத்துக் கிணற்றில் அதை இறக்கியிருக்கிறார். தோள்துண்டால் படியோடு கட்டிவிட்டு செல்லில் பேசப் போய்விட்டார். மோட்டார் குழாயின் ஓட்டையிலிருந்து கொட்டிய தண்ணீர் தேக்சாவுக்குள் நிறைந்தது. பேசி முடித்துத் திரும்பினால், துண்டு மட்டும் மிதந்ததாம்.

கல்யாண மாதம். திண்டுக்கல்லில் ஒரு வாடகைப் பாத்திரக் கடை விடாமல் கேட்டாயிற்று. அந்த அளவுத் தேக்சா எங்கேயும் இல்லை. இருந்தது என் வீட்டுக்காரரின் அண்ணன், பெரிய மச்சான் கிதர் முகம்மதுவிடம் மட்டும்தான். முப்பது வருடப் பிரியாணி மாஸ்டர். ஆனால் தேக்சாவைக் கேட்டால் ஆர்டரும் அவருக்குப் போய்விடும். என் பேரில் நான் பிடித்த முதல் ஆர்டர் அது. "பொம்பளை கையில தம் நிக்காது" என்று கல்யாண வீட்டாரிடமே சொல்லி வைத்த மனிதர் அவர். சேதி கேட்டு அவரும் கிணற்றடிக்கு வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிணற்றில் விழுந்த மோட்டார்களை எடுத்துக் கொடுக்கும் கிளெமென்ட் அண்ணனைக் கூப்பிட்டோம். தம் கட்டி முங்கினார். தேக்சாவின் வளையத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். ஐந்து பேர் இழுத்தார்கள். கயிறு முறுக்கியதே தவிர, தேக்சா அசையவில்லை. முப்பதடி ஆழத்தில் குப்புறக் கவிழ்ந்து, வாய் சேற்றில் புதைந்து கிடக்கிறதாம். மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் மொத்தமும் அதை அமுக்குகிறதாம்.

"விடும்மா ஷமா, நாளைக்கு நான் ஆக்கிக்கிறேன்" என்றார் பெரிய மச்சான், ரொம்பப் பாசமாக.

அந்தப் பாசம்தான் என்னை உசுப்பியது. மாவு ஒட்டித் தம் போட்ட பாத்திரம் ஆறிப்போனால் மூடி இப்படித்தான் கவ்விக்கொள்ளும். எத்தனை பேர் இழுத்தாலும் வராது. ஓரத்தில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பி, துளி காற்று போனால் போதும், தானே விட்டுவிடும்.

"இழுக்காதீங்கண்ணே. அதுக்கு அடியில காத்து விடுங்க" என்றேன்.

கிளெமென்ட் அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து, மோட்டார் அறைக் கரண்டில் மாட்டினோம். மறுபடி முங்கியவர் தேக்சா விளிம்புக்கு அடியில் சேற்றைத் தோண்டி, ரப்பர் குழாயின் நுனியைச் செருகிவிட்டு வந்தார்.

"அம்புட்டு ஆழத்துல காத்து பாதியா சுருங்கிரும் தங்கச்சி. மேல வர வர விரியும். பாதித் தேக்சாவுக்கு விட்டாப் போதும், மிச்சத்தை அதுவே ரொப்பிக்கிட்டு வேகமா வரும். யாரும் கிட்ட நிக்காதீங்க."

எல்லோரும் விலகினோம். தண்ணீருக்குள் கிடக்கிற பாத்திரம் தானாக வருமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு பெரிய மச்சான் மட்டும் கீழ்ப்படியிலேயே நின்றார்.

கம்ப்ரஸர் ஓடியது. முதலில் ஒன்றுமில்லை. யா அல்லாஹ், மானத்தைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். பிறகு சேறு கலங்கி, குமிழி குமிழியாக வந்தது. கயிறு தொய்ந்தது. எண்ணெயில் போட்ட பூரி மாதிரி தேக்சா குப்பென்று மேலே எழும்பி, அரை ஆள் உயரத்துக்குத் துள்ளி விழுந்தது. காற்றெல்லாம் வெளியேறி மறுபடி முங்குவதற்குள் ஆட்கள் கயிற்றை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். பெரிய மச்சானின் வெள்ளைச் சட்டை, வேட்டி, தாடி, எல்லாம் சேறு. தப்ரேஸ் சிரித்த சிரிப்பில் அவரே கிணற்றில் விழப் பார்த்தார்.

பெரிய மச்சான் முகத்தை வழித்துக்கொண்டு தேக்சாவையே பார்த்தார். முப்பது வருடமாக மூடியை நெம்புகிறேன், இது எனக்குத் தோன்றவில்லையே என்றார். அதைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

மறுநாள் மண்டபத்தில் கூப்பிடாமலே வந்து நின்றார். பந்திக்கு ஆள் உட்கார்ந்தாயிற்று. கரண்டிக் காம்பை மூடி ஓரத்தில் வைத்துக்கொண்டு, "ஷமா, நெம்பவாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"செத்த நேரம் பொறுங்க மச்சான்" என்றேன். "தம் நிக்கட்டும்."