வலது இமையின் நூல்

தையல் பிரித்த பிறகும் கத்தரியின் வலது இமையிலிருந்து நூல் வருவது மூன்று வருஷம் நிற்கவில்லை; நாளொன்றுக்கு ஒரு முழம், கறுப்பு, நல்ல முறுக்கு. கத்தரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. துணிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைகளில் தொங்கும் பிசிறை வெட்டுகிற வேலை அவளுக்கு. வெட்டுவாள், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள், "பாஸ்" என்று சொல்லி அடுத்த மேஜைக்குத் தள்ளுவாள். ஒரு பிசிறு தப்பினாலும் கட்டு முழுக்கத் திரும்பி வரும், சூப்பர்வைசர் உயிரை எடுத்துவிடுவார். குனிந்தே இருந்ததில் இமைத்தோல் தொங்கிக் கண் மேல் உட்கார்ந்துகொண்டது. அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பிசிறு தெரிந்தது, பஸ் நம்பர் தெரிந்தது, போதும்.

குறை மகளுக்குத்தான். நிச்சயம் செய்த அன்று எடுத்த போட்டோவைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "உங்கம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாராம். மகள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள், "எல்லா போட்டோலயும் நீ அழுத மூஞ்சியா இருக்கம்மா. சின்ன ஆபரேஷன்தான், ஒரு வாரத்துல ஆறிடும். கல்யாணத்துல என் பக்கத்துல நீ நல்லா நிக்க வேணாமா?" என்றாள். பக்கத்தில் என்று சொன்னாள் பாருங்கள், அங்கேதான் கத்தரி விழுந்தாள். ஊரார் பிசிறையெல்லாம் கண்டுபிடிக்கிறவள் மகள் பேச்சில் மட்டும் ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டாள்.

டாக்டர் இரண்டு இமையிலும் தொங்கிய தோலை வெட்டி, மடிப்புக்குள் தெரியாமல் தைத்தார். ஐஸ் வை, தலையை உயர்த்திப் படு, குனியாதே, தொடாதே, ஆறாம் நாள் வா என்றார். மூன்றாம் நாள் ஊதா நிறத்தில் வீங்கிய கண்ணைக் கண்ணாடியில் பார்த்தபோது, வலது ஓரத்தில் முடிச்சைத் தாண்டி எள்ளளவு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு படித்தவர் இப்படியா விடுவார் என்று அவளுக்குக் கோபமே வந்தது. கை தானாகப் போய் வெட்டிவிட்டது. தடவிப் பார்த்தாள். பாஸ். முடிச்சு உள்ளே நழுவியதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் நர்ஸ் இடது கண் நூலை ஒரே இழுப்பில் எடுத்தார். வலதில் இழுத்தார், வந்தது. இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. விரலில் சுற்றினார், காலி மருந்துப் புட்டியில் சுற்றினார், சாப்பாட்டு நேரம் வந்ததும் அறுத்துவிட்டு எழுந்து போனார். டாக்டர் எட்டிப் பார்த்து, "ஆறிடும், களிம்பு போடுங்க" என்றார். தழும்பு அழகாகத்தான் ஆறியது. நூல்தான் நிற்கவில்லை. தெருக்காரர்கள் பத்து நாள் வேடிக்கை பார்த்தார்கள், பதினோராம் நாள் பட்டன் தைக்க ஒரு முழம் கேட்டு வந்தார்கள். அந்தப் பட்டன்கள் இன்னும் விழவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மகள் தரையைப் பார்த்தபடி, "போட்டோ எல்லாம் முடிஞ்சப்புறம் வாம்மா. வண்டி அனுப்பறேன்" என்றாள். கத்தரி சரி என்றாள். மறுநாள் காலை, கார் வாசலில் நிற்கும்போது மகளின் கல்யாண உடையில் தோள் தையல் விட்டுப்போனது. வீட்டில் வேறு நூல் இல்லை. இமையிலிருந்து தொங்கிய நுனியை ஊசியில் கோத்துத் தைத்து முடிச்சுப் போட்டாள். வெட்டவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தெரிந்தே விட்ட பிசிறு அது ஒன்றுதான். கார் கிளம்பியது, நூல் அன்றைக்கு முழக்கணக்குப் பார்க்காமல் மண்டபம் வரை கூடவே ஓடியது. மகள் சிரிக்கும்போதெல்லாம் கத்தரியின் இமை லேசாக ஆடியது. சாயங்காலம் வரை புதுத்துணி உடுத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி வரவில்லை.

மகள் நாலு மணி நேரத் தொலைவிலிருக்கும் கணவன் ஊருக்குப் போனாள், நூலும் போனது. உடை மாற்றினால் மாற்றிய உடையின் தோளுக்கு மாறிக்கொண்டது. சைக்கிள்காரர்கள் குனிந்து போகப் பழகினார்கள், லாரிக்காரர்கள் கம்பால் தூக்கிவிட்டுப் போனார்கள். இமை துடித்தால் கத்தரி போன் செய்வாள். "ஒண்ணுமில்லம்மா, வேலையா இருக்கேன்" என்று பதில் வரும்.

மூன்றாம் வருஷம் மகள் நேரிலேயே வந்தாள். உட்காரவில்லை. "போற எடமெல்லாம் கேக்கறாங்கம்மா. எந்தக் கத்தரியாலயும் வெட்ட முடியல. நீயே வெட்டிடு."

"சாப்பிட்டியா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கத்தரி மகளின் தோளோடு ஒட்ட வெட்டினாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், ஒரு முறைக்கு இரண்டு முறை. "பாஸ்" என்று சொல்லி, தோளைப் பிடித்து வாசல் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

அன்றோடு நூல் நின்றது. டாக்டர் சொன்னபடியே ஆறிவிட்டது. ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வருஷம், அவ்வளவுதான். வலது இமை பழையபடி தொங்கிக்கொண்டது, இடது டாக்டர் வைத்த இடத்திலேயே நிற்கிறது. மகள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவில் மணப்பெண்ணின் தோளிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று புறப்பட்டுச் சட்டத்துக்கு வெளியே போகிறது. கண்ணாடியில் ஏதோ ஒட்டடை என்று மாமியார் வாரம் தவறாமல் அதைத் துடைக்கிறார்.