நம்பர் போட்ட கல்

கல்லில் எண் எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியவர்களிடம், பதினோரு நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இங்கேயாவது சுற்றி வளைக்காமல் ஆரம்பிக்கலாம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தோல் தரம் பிரிக்கிற வேலை. மேசைமேல் தோலை விரித்து, முள் கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று பார்த்து, வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் எண் எழுதி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. எண் எழுதாத தோல் என் மேசையைத் தாண்டியதில்லை. ‘பூங்குழலி கையில ஒரு பேனா கெடச்சா பூனைக்கும் நம்பர் போட்ருவா’ என்று என் வீட்டுக்காரர் ராஜேஷ் கிண்டல் பண்ணுவார். நானும் சிரித்துக்கொள்வேன். ஒழுங்கான பொம்பளை என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை.

புஷ்ரா அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு. அவளுக்குக் கல் பைத்தியம். எங்கள் பக்கத்து மலையடிவாரங்களில், செத்தவர்களைப் புதைத்து மேலே கல்லைக் குவித்து, சுற்றிலும் பெரிய பாறைகளை வட்டமாக வைத்த இடங்கள் நிறைய உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் வருஷம் ஆனவை என்பாள் புஷ்ரா. படித்தவர்கள் அதைக் கல்வட்டம் என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பாண்டவர் குழி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டியில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான்.

“பாக்கணும், ஃபோட்டோ எடுக்கணும், வந்துடணும். கை வெக்கக் கூடாது.”

ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்த விடமாட்டாள்.

ஜூன் மாதத்தில், பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திரா பார்டர் பக்கம், கரடிக்கொல்லை என்ற ஊருக்குப் போனோம். வழி கேட்டபோது டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்தவர்தான் கன்னியப்பன். ஐம்பது வயது இருக்கும். ஊருக்கே அவருடைய ஒரு டிராக்டர்தான். உழவுக்கும் அதுதான், மண் அடிக்கவும் அதுதான். வண்டியை மரத்தடியில் விட்டுவிட்டு எங்களுடன் அந்தப் பாறைக் கரட்டில் ஏறி வந்தார். வட்டத்துக்குப் பத்தடி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

“வாங்கண்ணா உள்ள,” என்றேன்.

“நாங்க உள்ள போவ மாட்டோம்மா. இங்க இருந்து வெறகுகூட எடுக்க மாட்டோம். நீங்க பாருங்க.”

அழகான வட்டம். நடுவே முழங்கால் உயரத்துக்குச் சின்னக் கற்களின் குவியல். புஷ்ரா சுற்றி வந்து பாறைகளை எண்ணினாள். இருபத்தொன்பது என்றாள். நான் எண்ணினேன், முப்பத்திரண்டு. சில கற்கள் மண்ணில் பாதி புதைந்திருந்தன, சிலவற்றைக் காரைமுள் மூடியிருந்தது. மறுபடி எண்ணினோம். அவளுக்கு முப்பது, எனக்கு இருபத்தொன்பது.

“வுடு, சுமாரா முப்பதுன்னு எழுதிக்கலாம்,” என்றாள்.

சுமாராக என்ற சொல்லே எனக்கு ஆகாது. வாரம் முழுக்க அந்த வட்டம் மண்டைக்குள் சுற்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஷ்ரா வாணியம்பாடிக்கு ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டாள். நான் தனியாகக் கிளம்பினேன். வீட்டு கேட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த வெள்ளை பெயிண்ட் டப்பாவையும் ஒரு பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டேன். கரட்டில் ஒருவரும் இல்லை. வடக்கில் ஆரம்பித்து ஒவ்வொரு பாறையிலும் உள்ளங்கை அகலத்துக்கு எண் எழுதிக்கொண்டே வந்தேன். முப்பத்தொன்று. கச்சிதமாக முப்பத்தொன்று. அந்த நேரத்து சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஃபோனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் புஷ்ராவின் முகம் ஞாபகம் வந்தது. நாலு மழை பெய்தால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் மழைக்குப் போகாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்.

திங்கட்கிழமை கேன்டீனில் புஷ்ராவிடம் முப்பத்தொன்று என்றேன்.

“எப்டிப்பா எண்ணுன?”

“பொறுமையா எண்ணுனேன்.”

முதல் பொய் அதுதான்.

நடுவில் மூன்று ஞாயிறு எங்களுக்கு ஓவர்டைம். நாலாவது ஞாயிறு போனபோது வட்டம் இல்லை. முப்பத்தொரு பள்ளம் இருந்தது, டிராக்டர் டயர் தடம் இருந்தது. புஷ்ரா ஒரு பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் நடுக்குவியலைப் பார்த்தேன். அதில் ஒரு கல்கூடக் குறையவில்லை. கைக்கு அடக்கமான, எடுத்துப்போக லேசான கற்கள். அதை அப்படியே விட்டுவிட்டு, கடப்பாரை போட்டு நெம்பி எடுக்க வேண்டிய பாறைகளை மட்டும் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் எண் எழுதிய கல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். எழுதாத கல்லைத் தொடவே இல்லை. புஷ்ராவுக்கு அது தெரிய நியாயமில்லை.

கீழே இறங்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. கரடிக்கொல்லை ஏரிக்கரைக்குக் கல் பதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. டிராக்டரில் கல் கொண்டுவந்து அடிக்கிற வேலை கன்னியப்பனுக்கு. புறம்போக்கில் எந்தக் கல்லை எடுக்கலாம் என்று ஓவர்சீயர் முன்கூட்டியே வந்து வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டுப் போவாராம். நம்பர் இருக்கிற கல்லை எடுக்கலாம், இல்லாததைத் தொட்டால் கேஸ். அந்தப் பக்கத்தில் வெகுநாளாக அதுதான் வழக்கம். எனக்கு அது தெரியாது. தெரியாது என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் வாய் கசக்கிறது.

கன்னியப்பன் ஏரிக்கரையில்தான் இருந்தார். புஷ்ரா கேட்ட கேள்விக்கு நிதானமாகவே பதில் சொன்னார்.

“நம்பர் போட்டிருந்துச்சும்மா. அதான் எடுத்தேன்.”

“பாண்டவர் குழில யாரு நம்பர் போடுவாங்க? காட்டுங்க பாப்போம்.”

காட்ட முடியவில்லை. பெரிய பாறைகளைச் சம்மட்டியால் பிளந்திருந்தார்கள். பெயிண்ட் வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று கொத்தனார் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி வைத்து சிமெண்ட் பூசிவிட்டார். நான் புஷ்ராவுக்குப் பின்னால் நின்றேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

“பொய் சொல்றான்பா. கல்லு ஓசில கெடச்சுச்சுன்னு அள்ளிட்டான்,” என்றாள் புஷ்ரா, ஸ்கூட்டியை எடுக்கும்போது. நான் ம் என்றேன். அந்த ‘ம்’ இருக்கிறதே, அதற்கு எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

அன்றைக்கே அவள் புகார் எழுதி அனுப்பினாள். பேப்பரில் வந்தது. செவ்வாய்க்கிழமை டிராக்டரைக் கொண்டுபோய் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஓவர்சீயரைக் கேட்டதற்கு, அந்தக் கரட்டுப் பக்கமே தான் போகவில்லை, அங்கே எந்தக் கல்லுக்கும் நம்பர் போடவில்லை என்றார். அவர் சொன்னது சத்தியம். பெயிண்ட்டைப் பார்த்தேன் என்று கொத்தனார் சொன்னதற்கு, அதையும் நீங்களே பூசியிருப்பீர்கள் என்றார்களாம். சத்தியம் பேசிய ஓவர்சீயரால் கன்னியப்பன் பொய்யன் ஆகிவிட்டார்.

ஆடி மாதம், கடலை விதைக்கிற நேரம். ஊரில் உழவு நின்றுபோனது. அந்தப் பதினோரு நாளும் நான் யார் யாரையெல்லாம் திட்டினேன் என்று நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அத்தனை வயசானவருக்கு யோசனை வேண்டாமா என்று கன்னியப்பனைத் திட்டினேன். ஒரு கல்லையாவது நேராக வைக்கக் கூடாதா என்று கொத்தனாரைத் திட்டினேன். எதற்கெடுத்தாலும் புகார் எழுதுகிறாள் என்று புஷ்ராவைத் திட்டினேன். மூன்றாம் நாள் ஃபோனில் இருந்த அந்தப் படத்தை அழித்தேன். அழித்த பிறகு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் விட்டு வரும்போது கம்பெனி கேட்டில் ஒரு அம்மா நின்றிருந்தாள். கன்னியப்பனின் மனைவி கெங்கம்மாள். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். புஷ்ராவைப் பார்க்க வந்தவள், புஷ்ரா லீவு என்றதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் அவங்ககூட வந்தவங்கதானே? அந்தம்மா கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்கம்மா. எங்க வூட்டுக்காரு நம்பர் இல்லாத கல்ல தொடவே மாட்டாரு. இத்தினி வருசத்துல ஒரு பேஜாருக்கும் போனதில்ல. சோறே எறங்கல அவருக்கு. நான் இன்னா பண்றது?”

“சொல்றேன்,” என்றேன்.

“நீங்க சொன்னா கேப்பாங்க இல்ல?”

“கேப்பாங்க.”

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெயிண்ட் பிரஷ் பிடித்த கை. அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. போலீஸ், பேப்பர், கம்பெனி, புஷ்ரா என்று வரிசையாகப் பயம் வந்தது. அதில் புஷ்ராதான் பெரிய பயம்.

வியாழக்கிழமை ஏரிக்கரையிலேயே விசாரணை. சாட்சி சொல்ல வரச் சொல்லி புஷ்ராவுக்கு அழைப்பு வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. சொல்லத்தான் போனேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், அது முழு உண்மை இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். கன்னியப்பன் கை கட்டி நின்றார். பதினோரு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

“நம்பர் போட்டிருந்துச்சுன்றே. ஓவர்சீயர் இல்லன்றார். அப்போ யாரு போட்டது?”

“அவருதான் சார் போட்டிருப்பாரு. இப்போ பேப்பர்ல வந்துட்ச்சின்னு பயப்படுறாரு.”

“பாத்தியா?”

“பாக்கல சார். நம்பரத்தான் பாத்தேன்.”

“இதுக்கு மேல நான் இன்னாய்யா எழுதறது? திருடிட்டேன்னு ஒத்துக்கோ. அபராதத்தோட போய்டும்.”

கன்னியப்பன் தலையை ஆட்டினார். திருடவில்லை என்று ஆட்டினாரா, ஒத்துக்கொள்கிறேன் என்று ஆட்டினாரா, எனக்குப் புரியவில்லை. அதிகாரி பேனாவைத் திருப்பி அவர் கையில் கொடுக்கப் போனார்.

“நான்தான் சார் போட்டேன்,” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கல்லை எண்ணுவதற்காக எழுதினேன், ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை, வெள்ளை பெயிண்ட், தேதி இன்னது என்று சொன்னேன். ஆதாரம் கேட்டார். அழித்த படம் ஒரு மாதத்துக்கு ஃபோனின் குப்பைக் கூடையில் கிடக்கும். அதைத் திரும்ப எடுத்துக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, இத்தினி நாளா சொல்லல?”

“பயம் சார்.”

புஷ்ரா என் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“பொறுமையா எண்ணுனேன்னு சொன்னே. நான் நம்புனேன் பாரு,” என்று மட்டும் சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். தள்ளிப் போய் ஸ்கூட்டி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். என்மேல் என்ன நடவடிக்கை என்று பிறகு தெரியும் என்றார் அதிகாரி. கன்னியப்பனைப் பார்த்து, உன்மேல தப்பு இல்லைன்னு எழுதிடறேன், சாயந்திரம் ஸ்டேஷனுக்கு வந்து வண்டிய எடுத்துக்கோ என்றார். கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு மனசு லேசாகிவிட்டது. கன்னியப்பன் என் பக்கம் வருவதைப் பார்த்தபோது, திட்டினாலும் சரி, மன்னித்தாலும் சரி, இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அவர் திட்டவில்லை. என் எதிரே இருந்த கல்லில் மெல்ல உட்கார்ந்தார்.

“அப்போ அது சர்க்கார் நம்பர் இல்லியாம்மா?”

“இல்லண்ணா.”

“எடுக்கச் சொல்லி யாருமே சொல்லலியா?”

“யாரும் சொல்லலண்ணா. நான் சும்மா எண்ணறதுக்காக எழுதுனேன். மன்னிச்சிடுங்க.”

அவர் கரட்டுப் பக்கம் திரும்பினார்.

“மொதக் கல்ல நெம்பறதுக்கு முன்னாடி, கற்பூரம் ஏத்தி உள்ள இருக்கறவங்க கிட்ட சொன்னேம்மா. நானா கை வெக்கல, சர்க்கார் உத்தரவு வந்துட்ச்சி, எம்மேல கோச்சிக்காதீங்கன்னு. வாய் தொறந்து சொன்னேன்.” கரட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவங்க கிட்ட நான் பொய் சொல்லிட்டேனே.”

அதிகாரிக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. புஷ்ராவிடம் காலில் விழுந்தாவது பேசிவிடலாம். இவர் பதில் சொல்ல வேண்டியது அந்தக் குழிக்குள் இருக்கிறவர்களிடம்.

கெங்கம்மாள் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “எழுந்து வாய்யா, வண்டிய வுட்டுட்டாங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை.