கிள்ளான் மேசையின் சாவி

1

இந்தக் கதை ஒரு பித்தளைச் சாவியிலிருந்து வந்தது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அதற்குரிய மேசை எங்களிடம் இல்லை. உண்மையை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் புளுகலாம்.

2

முதல் தொடக்கம்: 'மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் நகரம் மெல்ல...' சீ, வேண்டாம்.

இரண்டாவது: 'குகன் நல்லவன்.' இதுவும் தேறாது. நல்லவனை வைத்துக் கதை எழுதுவது உப்பில்லாமல் ரசம் வைப்பது மாதிரி. (ஆனால் அவன் நல்லவன்தான். நான் என்ன செய்ய?)

3

குகன் என் கணவன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறோம். எங்கள் ஞாயிறுகள் பழைய மரச்சாமான் கடைகளில்தான் கழியும். மலிவாக வாங்க ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்: யாருக்குப் பொருள் பிடித்துப்போகிறதோ, அவர் பேசாமல் வெளியே போய்க் காரின் பக்கத்தில் நின்றுவிட வேண்டும். ஆசை முகத்தில் தெரிந்தால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார். மற்றவர் உள்ளே நின்று பேரம் பேசுவார். பதினோரு வருடமாக வெளியே போவது நான், பேசுவது அவன்.

இந்த முறை தேடியது எழுதுமேசை. என் நாவல் பாதியில் நின்று இரண்டு வருடமாகிறது. நல்ல மேசை இல்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இனி எழுதவே வராதோ என்பதுதான் என் பயம். குகன் மட்டும் மேசைக் கதையை நம்பினான். [நம்பினானா, நம்புவதுபோல் இருந்தானா? இந்தப் பாத்திரம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.]

4

கிள்ளானில், திருச்செல்வம் அண்ணன் கடையில் அது இருந்தது. தேக்கு, ஒரே இழுப்பறை, அதன் நிறம் ஒரு... (உவமை கிடைக்கவில்லை, விடுங்கள்.) பார்த்ததும் பிடித்துப்போனது. சட்டப்படி வெளியே போனேன்.

கொஞ்ச நேரத்தில் குகனும் வந்து பக்கத்தில் நின்றான். ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"நீ அதுல உக்காந்து எழுதுற மாதிரி தெரிஞ்சுச்சு, தனம். என்னால மூஞ்சிய மறைக்க முடியல."

அப்புறம் எதிர்க்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்தபடி, யார் உள்ளே போவது என்று வழக்காடினோம். திரும்பிப் போனால் மேசை இல்லை.

"ரெண்டு பேரும் வெளிய போயிட்டீங்க, பிடிக்கலைன்னு நெனச்சேன் லா," என்றார் அண்ணன். யாரோ ஒருவர் பேரமே பேசாமல் லோரியில் ஏற்றிப் போய்விட்டாராம். பெயரும் தெரியாது, நம்பரும் கிடையாது.

வீட்டுக்கு வந்தபின்தான் குகன் சட்டைப் பையில் சாவி இருந்தது தெரிந்தது. இழுப்பறையைப் பூட்டிப் பார்த்தவன், கையோடு கொண்டுவந்துவிட்டான்.

5

முடிவு ஒன்று: மேசை திரும்பக் கிடைக்கிறது. (பொய்.)

முடிவு இரண்டு: நாங்கள் சண்டை போட்டு... (அதுவும் பொய். விழுந்து விழுந்து சிரித்தோம்.)

நடந்தது இதுதான். அன்று மாலை துணி தேய்க்கும் பலகையை விரித்து, நின்றபடியே இந்தக் கதையின் முதல் வரியை எழுதினேன். இரண்டு வருடம் கழித்து வந்த வரி. இப்போதும் குகன் தரையில் உட்கார்ந்து, பலகை ஆடாமல் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நன்றி என்று அவனிடம் சொன்னால் கூச்சப்படுவான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இழுப்பறை பூட்டிய தேக்கு மேசை இருந்தால், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வாருங்கள். சாவி தருகிறேன், மேசையைக் கேட்க மாட்டேன். உள்ளே ஒன்றுமில்லை, குகன் பார்த்துவிட்டுத்தான் பூட்டினான். திறந்ததும் முதலில் எதை வைக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதையே முடிவாக எழுதிக்கொள்கிறேன்.