தறிச் சத்தத்தைத் தாண்டி

டீ பேப்பர் கப்பில் வந்தது, வடை வாழையிலைத் துண்டில் வந்தது. இரண்டு கையிலும் இரண்டைக் கொடுத்துவிட்டால் எந்தக் கையால் சாப்பிடுவது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஆறாவது வரிசையில் இருந்த புவனா, சேலையில் எண்ணெய் பிடிக்கும் என்று தெரிந்தே வடையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் வந்த பணிவோடு, "இன்னொண்ணு எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்று குனிந்து குனிந்து பரிமாறினார்கள். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட நகர்த்தி வைக்காததுகள் என்று அம்மாக்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள்.

புவனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாக்களுக்கு மட்டும் என்று அச்சடித்த விழா அழைப்புச் சீட்டை மகள் மௌனிகா அவள் கையில் கொடுக்கவில்லை. ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மௌனிகா அவள் வயிற்றில் பிறந்தவள் அல்ல, அக்கா ரங்கநாயகியின் மகள். அக்கா டெங்குவில் போனபோது குழந்தைக்கு இரண்டு வயது. ஈரோட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த புவனாவை ஆறே மாதத்தில் அழைத்துவந்து, சோமனூரில் பத்துத் தறி ஓடும் வீட்டில், அக்கா புருஷன் பாலுசாமிக்குக் கட்டிவைத்தார்கள். குழந்தைக்காக என்றார்கள். குழந்தையும் அம்மா என்றுதான் கூப்பிட்டது. விவரம் புரியும் வயதில் எல்லாவற்றையும் சொன்னார்கள், அப்போதும் அம்மாதான். போன வருடம் மௌனிகா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் புவனாவை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சித்தி என்றும் இல்லை, அம்மா என்றும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று பேசுவாள். ஒரு வருடமாக அந்த ஒற்றை வார்த்தைக்காகப் புவனா காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள்.

ஆட்டமும் பாட்டும் முடிந்ததும் தமிழ் டீச்சர் ஒரு விளையாட்டைச் சொன்னார். பிள்ளை திரைக்குப் பின்னால் நின்று, பேரைச் சொல்லாமல், வீட்டில் அம்மா தன்னை எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே மைக்கில் கூப்பிட வேண்டும். இது நான்தான் என்று தெரிந்துகொண்ட அம்மா எழுந்து நின்று பதிலுக்கு ஒருமுறை கூப்பிட்டால் பிள்ளை வெளியே வரும்.

இரண்டு பேர் முடிந்தது. மூன்றாவது குரல் வந்தது.

"ஏ அம்மணீ... சோறு ஆறுது பாரு, வெரசலா வா கண்ணூ... கேக்குதாஆ?"

கூடம் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. தறி ஓடும் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கூப்பிட்டால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. புவனா மட்டும் தன்னையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா! புவனா லீவுக்குச் சோமனூர் வரும்போதெல்லாம் தறிக்கூடத்து வாசலில் நின்று அக்கா போடும் அதே கூப்பாடு. அந்த இழுப்பு, முடிவில் மேலே ஏறும் அந்தக் 'கேக்குதா'. இரண்டு வயதில் கேட்டதை மௌனிகா இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாள்? புவனா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போனவளின் குரலுக்கு நான் எப்படி எழுந்து நிற்பது?

மௌனிகாவின் சிநேகிதி ரம்ஷாவின் அம்மா உம்மல் குல்சும் பக்கத்தில்தான் இருந்தாள். முழங்கையால் இடித்தாள்.

"ஏனுங்க, எந்திரிங்க! உங்களையே உரிச்சு வெச்சிருக்கா."

"நானுங்களா? நான் அப்படிக் கூப்புட மாட்டனுங்க. அது எங்கக்கா கொரலுங்க."

"நல்லாச் சொன்னீங்க போங்க. போன் பண்ணுனா ஒவ்வொரு பேச்சுக்கும் கேக்குதா, கேக்குதான்னு என் காதைப் பிச்சுப் போடறது ஆருங்க? உங்கக்காளை நான் கண்ணுல பாத்ததே இல்லீங்களே."

ஈரோட்டில் வாய்க்குள்ளேயே பேசுகிறவள் என்று பேர் வாங்கியவள் புவனா. வந்த நாளிலிருந்து எல்லாவற்றிலும் கவனமாகத்தான் இருந்தாள். அக்காவின் சேலையைக் கட்டவில்லை, அக்காவின் தோட்டைப் போடவில்லை. குரல் மட்டும் அவளைக் கேட்காமலேயே உள்ளே வந்து குடியேறியிருந்தது. பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் குறுகுறுத்தது. அப்படியென்றால் மௌனிகா செய்துகாட்டியது என்னைத்தானே? அம்மா என்றதும் அவளுக்கு என் ஞாபகம்தானே வந்திருக்கிறது?

எழுந்து நின்றாள். கைக்கு மைக் வந்தது. தன் பழைய குரலில், மெதுவாக, மௌனிகா என்று பேர் மட்டும் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"ஏ அம்மணீ... வெரசலா வா கண்ணூ... கேக்குதாஆ?"

மேடையின் இடப்பக்கம் கட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு மௌனிகா வந்தாள். அம்மாக்கள் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியிருக்கலாம். குரல் வந்த பெட்டியின் பக்கம் திரும்பி நின்றாள்.

"வாரேம்மா" என்றாள் பெட்டியைப் பார்த்து.

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. புவனா மைக்கை இறக்கவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டால் பெண் இந்தப் பக்கம் திரும்புவாள் என்று தோன்றியது. மறுபடியும் அக்கா குரல்தான் வரும், கூப்பிடத் தைரியம் வரவில்லை. கைதட்டல் அடங்கியது. அவள் மூச்சு விடுவது மட்டும் பெட்டியில் பெரிதாகக் கேட்டது. மௌனிகா தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.