உறுமல் அடங்கிய வீடு

மேஜருக்குச் சோறு வைப்பது கோதண்டபாணியின் வேலை. வீட்டில் வேறு யாரும் வைக்கக் கூடாது. ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருவில் இருந்த அந்த வீட்டு வாசலில் தினமும் காலையில் இதை ஒரு சடங்கு மாதிரி நடத்துவார். கோழிக்கால் போட்டு வேகவைத்த சோற்றைத் தட்டில் கொட்டி வைத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முதலில் தன் இட்லியைத் தின்று முடிப்பார். மேஜர் என்கிற அந்த ஜெர்மன் ஷெப்பர்ட் எச்சில் வடியக் காத்திருக்கும். பிறகு "சாப்டு" என்பார். அது இரண்டு வாய் தின்றதும் தட்டுக்குள் கையை விட்டு, கோழிக்காலை எடுத்துக்கொள்வார்.

ஆரம்பத்தில் மேஜர் உறுமியது. அப்போதெல்லாம் அவர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார்.

"ஓநாய் ரத்தம்டி இது. கூட்டத்துல ஒருத்தன்தான் தலைவன். அது நான்தான்னு இதுக்குப் புரியணும்" என்று மனைவி சொர்ணத்திடம் சொல்வார். செல்போனில் யாரோ ஒரு பயிற்சியாளர் பேசிய வீடியோக்களை வரிசையாகப் பார்த்துத் தேறியிருந்தார். சில மாதங்களில் மேஜர் உறுமுவதை விட்டுவிட்டது. தட்டை இழுத்தாலும் சரி, தூங்கும்போது காலால் தள்ளினாலும் சரி, சத்தமே கிடையாது. வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் கோதண்டபாணி அதைச் செய்து காட்டினார்.

அவர் கெட்டவர் இல்லை. டிரைவராக இருந்து, கடன் வாங்கி, ஒரு கார் இரண்டாகி, இன்று ஆறு காரும் ஒரு வேனும் ஓடும் டிராவல்ஸ் நடத்துகிறவர். மகள் அன்புக்கரசியைக் கல்லூரியில் படிக்க வைத்தார். ஆனால் அவர் குரல் உயர்ந்தால் வீட்டில் மிக்ஸி கூட நின்றுவிடும். அதை அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

ஒருநாள் டிரைவர் ஒருவர் வரவில்லை. திருவான்மியூரிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஒரு சவாரி. அவரே வண்டியை எடுத்துப்போனார். ஏறியவள் நாஸியா என்ற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். வழக்கமாக அவரிடம்தான் கார் சொல்வாள். வண்டி அடையாறு பாலம் ஏறும்போது போனில் ஓநாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அவள் போனை வைத்ததும் கோதண்டபாணியால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா மேடம், ஜூவுல வேலையா?"

"ஜூ இல்லண்ணா. மகாராஷ்டிராவுல புல்வெளிக் காடு. அங்க ஓநாய்ங்க எப்படி வாழுதுன்னு பார்த்து எழுதறேன். படிப்பு, வேலை எல்லாமே அதுதான்."

"அப்போ உங்களுக்குத்தான் கரெக்டா தெரியும். நம்ம வூட்ல ஒண்ணு கீது, ஜெர்மன் ஷெப்பர்ட். நான்தான் அதுக்கு லீடரு. ஓநாய்க் கூட்டத்துல தலைவன் அடிச்சு அடக்கி வெச்சுக்கினு இருப்பான்ல, அத்தே மாதிரி."

நாஸியா சிரித்தாள். "எத்தனையோ வருஷமா பார்க்கறேண்ணா. அப்படி ஒரு தலைவனை நான் பார்த்ததே இல்ல."

"இன்னா சொல்றீங்க?"

"ரொம்ப காலத்துக்கு முன்னாடி, ஒண்ணுக்கொண்ணு அறிமுகமே இல்லாத ஓநாய்ங்களைப் பிடிச்சு ஒரே அடைப்புக்குள்ள விட்டுப் பார்த்தாங்க. அதுங்க அடிச்சுக்கிச்சு. அதை வெச்சுக் கிளம்புனதுதான் இந்தத் தலைவன் கதை. காட்டுல ஓநாய்க் கூட்டம்னா அப்பா, அம்மா, அவங்க பெத்த பிள்ளைங்க. அவ்ளோதான். நான் பார்க்கற கூட்டத்துல ஒரு கிழ ஆண் ஓநாய். நொண்டி நொண்டி வேட்டைக்குப் போயிட்டு வருவார். குட்டிங்க ஓடிவந்து வாயை நக்கும். தின்னதைக் கக்கி அதுங்களுக்குக் குடுத்துட்டு, இவர் பசியோட படுத்துப்பார். அவருதான் அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர்."

"அதுங்க எதிர்த்தா?"

"ஒரு குட்டி அவர் எலும்பை இழுத்துச்சு. லேசா பல்லைக் காட்டி உறுமினார். குட்டி நகர்ந்துடுச்சு. விஷயம் முடிஞ்சுது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. உறுமறதே கடிக்காம இருக்கத்தாண்ணா." கொஞ்சம் நிறுத்தி, "உங்க நாய் உறுமுமா?" என்று கேட்டாள்.

"ஆரம்பத்துல உறுமும். நான் விடல. இப்போ சவுண்டே கிடையாது" என்றார் பெருமையாக.

நாஸியாவின் முகம் மாறியது. "அது நல்ல சேதி இல்லண்ணா. அதைக் கொஞ்சம் கவனிங்க."

கோதண்டபாணிக்கு எரிச்சல் வந்தது. ஸ்டேஷன் வரும்வரை ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். காட்டில் கிடக்கிற மிருகத்தைப் பார்த்தவளுக்கு வீட்டு நாயைப் பற்றி என்ன தெரியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலைக் கழுவுவதற்காக மேஜரை வேறு இடத்தில் கட்டப் போனாள் சொர்ணம். கழுத்துப் பட்டையில் சங்கிலியை மாட்டும்போது அவள் விரல்கள் அதன் காதில் உரசின. மேஜர் உறுமவில்லை. குரைக்கவில்லை. திரும்பி அவள் முன்கையைக் கவ்வி, உடனே விட்டுவிட்டு, சுவரோரம் போய் ஒடுங்கி நின்றது. அவள் கையிலிருந்து ரத்தம் கழுவிய தரையில் ஓடியது.

அன்புக்கரசி ஓடிவந்து அம்மாவின் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண் காப்பித்தூள் டப்பாவோடு வந்தாள்.

"அதெல்லாம் வேணாங்க்கா. காயத்துல எதையும் அப்பக் கூடாது. தண்ணியும் சோப்பும்தான், கால் மணி நேரமாவது கழுவணும். அப்புறம் ஊசி" என்று அன்புக்கரசி தடுத்துவிட்டாள். அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, தோளில் ஒரு ஊசி. இன்னும் எந்தெந்த நாளில் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கோதண்டபாணி மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் வேனின் பின்கதவைத் திறந்தார். கோவளத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயாவது மேஜரை இறக்கிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்த நேரத்தில்தான், சென்னைக்குத் திரும்பியிருந்த நாஸியா கார் வேண்டுமென்று போன் செய்தாள்.

"இன்னைக்கு வண்டி இல்ல மேடம். நாய் என் பொண்டாட்டியைக் கடிச்சுடுச்சு. கொண்டுபோய் வுடப் போறேன்."

"வுடாதீங்க. நான் வர்றேன்."

"எதுக்கு?"

"கடிச்ச நாயைப் பத்து நாள் கண்ணு முன்னாடி வெச்சுப் பார்க்கணும்ணா. அதுக்கு வெறிநோய் இருக்கா இல்லையான்னு அப்பதான் தெரியும். ரோட்டுல வுட்டா அது இன்னொருத்தரைக் கடிக்கும். பொறுங்க."

ஆட்டோவில் வந்து இறங்கினாள். மேஜரிடம் போகவில்லை. நாலு முழம் தள்ளி, அதற்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தாள். கோதண்டபாணி தெருவில் வேன் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். மேஜர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தது. இரண்டு முறை தலையை உதறியது. பின்காலால் காதைச் சொறியப் போய், பாதியில் நிறுத்தியது.

"காது எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"காதா? காதுக்கு இன்னா?" என்றார் கோதண்டபாணி.

கட்டுப்போட்ட கையோடு கதவோரம் நின்ற சொர்ணம் மெதுவாகச் சொன்னாள். "ஒரு மாசமா அந்தக் காதுல நாத்தம் அடிக்குது. சீழு கூட வருது."

"ஒரு மாசமாவா? ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று அவர் கத்தினார். தெருவில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். மேஜர் வயிறு தரையில் படப் பதுங்கியது. அன்புக்கரசி ஒரு எட்டு பின்னால் போனாள். சொர்ணம் மட்டும் நகரவில்லை.

"இதோ, இதுக்குத்தான் சொல்லல" என்றாள். "சொன்னா கத்துவீங்க. நாயை நீ ஏன் தொட்டேன்னு கேப்பீங்க. அது உறுமுனா அடிச்சீங்க. நான் பேசுனா கத்துனீங்க. அதுக்கு வலி இருக்கிறது எனக்குத் தெரியும். எனக்கு இருக்கிறது அதுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத்தான் ரெண்டும் தெரியல."

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. சாவி ஆடுவது நின்றது.

நாஸியா அவர்கள் குடும்ப விஷயத்துக்குள் போகவில்லை. நாயைப் பற்றி மட்டும் பேசினாள். "நாய் ஓநாய் இல்லண்ணா. ஓநாயே நீங்க நினைச்ச மாதிரி இல்ல. நாய் கடிக்கிறதுக்கு முன்னாடி எத்தனையோ சொல்லும். முகத்தைத் திருப்பிக்கும். உதட்டை நக்கிக்கும். உடம்பு விறைச்சுப் போகும். அப்புறம் உறுமும். 'என்னைத் தொடாதே, எனக்கு முடியல'ன்னு அது கெஞ்சற கடைசி வார்த்தை அது. உங்க பெல்ட் அந்த வார்த்தையை எடுத்துடுச்சு. பாவம், அதுகிட்ட பல்லு மட்டும்தான் மிச்சம் இருந்துது."

கோதண்டபாணி வேனின் பின்கதவைச் சாத்தினார்.

அன்றே மேஜருக்கு வாய்க்கூடு மாட்டி அடையாறில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். உள்காது புண்ணாகி, தொட்டாலே உயிர் போகிற வலியோடு இருந்திருக்கிறது என்றார் அவர். சுத்தம் செய்து மருந்து போட்டார். பத்து நாளும் மேஜர் வீட்டிலேயே, தனி அறையில், எல்லோர் பார்வையிலும் இருந்தது. நோய் எதுவும் இல்லை. ஆனாலும் சொர்ணம் ஊசியை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கோதண்டபாணியே கூட்டிப்போனார். வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். முதல் முறை அவள் இல்லையென்று தலையாட்டினாள். அடுத்த முறை, "வலிக்குது" என்றாள்.

நாஸியா சொல்லிக் கொடுத்தபடி அவர் மாறப் பழகினார். எளிதாக இல்லை. நாய் தின்னும்போது தட்டுக்குள் கை விடுவதை நிறுத்தினார். தட்டைக் கடந்து போகும்போது எட்டி நின்று ஒரு துண்டு கறியைப் போட்டுவிட்டுப் போனார். அவர் வந்தால் ஏதோ பறிபோகும் என்று நினைத்திருந்த மேஜருக்கு, அவர் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று புரியப் பல வாரம் ஆனது. பெல்ட் இடுப்பிலேயே இருந்தது.

ஒரு சாயங்காலம் மேஜர் எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. அவர் மறந்துபோய் மிக அருகில் போய்விட்டார். தொண்டைக்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. கோதண்டபாணி நின்றார். ஒரு எட்டு பின்னால் வைத்தார். சத்தம் அடங்கியது. மேஜர் வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு மறுபடியும் எலும்புக்குத் திரும்பியது.

அவர் உடனே போனை எடுத்தார். "மேடம்! உறுமிச்சு! மெய்யாலுமே உறுமிச்சு! நான் நவுந்துட்டேன்!"

எங்கோ புல்வெளியில், காற்று இரைச்சலுக்கு நடுவே நாஸியா வாய்விட்டுச் சிரித்தாள். "இப்பதான் அது உங்களை நம்ப ஆரம்பிச்சிருக்குண்ணா."

அதற்கடுத்த மாதம் முகூர்த்த நாள் ஒன்று. கோதண்டபாணி வண்டிகளை நிறுத்தும் மந்தைவெளி ஷெட்டில் விடியற்காலையிலேயே வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. காஞ்சிபுரத்துக்குக் கல்யாண வீட்டாரை ஏற்றிப்போக வேண்டிய தமிழ்மாறன் என்ற டிரைவர் மட்டும் காரைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா, இன்னும் கெளம்பல?"

"அண்ணே... ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. ரெண்டு நாளா பிரேக்கு கீழ வரைக்கும் போய்த்தான் புடிக்குது."

வாசலில் கல்யாண வீட்டார் காத்திருப்பார்கள். வேறு வண்டி கைவசம் இல்லை. கோதண்டபாணிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. மற்ற டிரைவர்கள் வழக்கம்போல இரண்டடி நகர்ந்து கொண்டார்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதற்கான பதில் தனக்கே தெரியும் என்பதால் அவர் அதைக் கேட்கவில்லை.

"சாவியைக் குடு" என்றார். தெரிந்த இன்னொரு டிராவல்ஸுக்குப் போன் போட்டு வண்டி ஏற்பாடு செய்தார். மெக்கானிக் வந்து பார்த்தபோது பிரேக் ஆயில் கசிந்து சக்கரத்தின் உட்புறமெல்லாம் ஈரமாக இருந்தது. "நெடுஞ்சாலையில இத்த எடுத்துனு போயிருந்தா, அத்தினி பேரும் காலி" என்றார் அவர்.

தமிழ்மாறன் தலை குனிந்து நின்றார். கோதண்டபாணி அவர் தோளில் கை வைத்தார்.

"இப்பயாவது சொன்னியே, அதுக்கு நன்றிடா." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. இத்தினி நாளா என்னைக் கண்டு நீங்க வாயை மூடிக்கினு இருந்ததை நான் மரியாதைன்னு நெனச்சேன். அது பயம். அடிச்சும் கத்தியும் நாம அடக்குறது சத்தத்தை மட்டும்தான். உள்ள கீற வலியும் கோளாறும் அப்படியே இருந்து, ஒருநாள் சொல்லாம கொள்ளாம வந்து கடிக்கும். வாயில்லாத நாயா இருந்தாலும் சரி, கட்டுன பொண்டாட்டியா இருந்தாலும் சரி, வேலை செய்யறவனா இருந்தாலும் சரி, அவங்க தைரியமா உறுமுற இடத்துலதான் எல்லாருக்கும் பாதுகாப்பு. இனிமே நான் கத்துனா, கத்தி முடிக்கட்டும்னு நின்னு, மறுபடியும் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."